ரெசிடென்ட் என்றால் அங்கேயே குடியிருப்பவர்

கொஞ்சம் நீளமான பதிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வாகப் படியுங்கள்.

நம் குடும்பங்களில் இப்போது மருத்துவ மேற்படிப்பு படிக்கும் மாப்பிள்ளைகளும் மருமகள்களும் பெருகிவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக வந்து நிற்கிறாள். "மாப்பிள்ளை வரலையா?" "டியூட்டி, பெரியம்மா." நாலாவது விசேஷத்திலும் அதே பதில் வந்தால் நம் ஆட்கள் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன மாதம் போனில் கேட்டாள்: "டீச்சர், அவர் வீட்டுக்கு வர்றதே தூங்கத்தான். நான் அனுசரணையா இருந்தா சீக்கிரம் வருவார்னு மாமியார் சொல்றாங்க. தப்பு என் மேலயா?" அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அதற்கு 1889ஆம் ஆண்டுக்கும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக்கும் போக வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவத் துறைக்கு வில்லியம் ஆஸ்லர், அறுவை சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட். இருவரும் ஜெர்மனி, வியன்னா பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பட்டம் வாங்கிய இளம் மருத்துவரை மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் வைத்து, படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டித் தேர்ந்த மருத்துவராக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார்கள். அந்த இளைஞர் அங்கேயே அறை எடுத்துத் தங்குவார், சாப்பாடு அங்கேயே, துணியும் அங்கேயே வெளுக்கப்படும். அதனால்தான் 'ரெசிடென்ட்', அதாவது அங்கேயே குடியிருப்பவர், என்று பெயர். கையில் கொடுத்த பணம் சொற்பம். கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் மற்ற பல மருத்துவமனைகளிலும் பயிற்சி மருத்துவர் கல்யாணம் செய்துகொள்ளத் தடை இருந்தது.

எத்தனை ஆண்டுகள் தெரியுமா? ஹால்ஸ்டெட்டிடம் தலைமை ரெசிடென்ட் ஆகி வெளியே வர ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். அதுவும் எல்லோருக்கும் இல்லை. கோபுரம் மாதிரி கீழே பலர், மேலே ஒருவர். 1922இல் அவர் இறக்கும் வரை 33 ஆண்டுகளில் 17 பேர்தான் அந்த உச்சிக்குப் போனார்கள். அவரிடம் பயின்று பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஆன ஹார்வி குஷிங், பல ஆண்டுகளாகப் பழகிய காத்தரின் குரோவெல்லை 1902இல்தான் மணந்தார், பயிற்சியெல்லாம் முடிந்த பிறகு. குஷிங்கைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. காத்திருந்த அந்தப் பெண்ணுக்காக யாராவது ஒரு சின்னப் புத்தகமாவது எழுதியிருக்கலாம்.

முறையை வகுத்த பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்றும் பார்ப்போம். இளைஞர்கள் தங்கள் உணர்ச்சிகளைப் பனிக்கட்டியில் வைத்துக் காக்க வேண்டும் என்ற பொருள்படப் பேசிய ஆஸ்லர், தன் புகழ்பெற்ற பாடநூல் வெளிவந்த 1892இல், 42 வயதில் கல்யாணம் செய்துகொண்டார். அவராவது சொன்னபடி நடந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஹால்ஸ்டெட் கதை வேறு. அவருடைய அறுவை அறையின் தலைமைச் செவிலியர் கரோலின் ஹாம்டன். கிருமிநாசினியாகப் பயன்படுத்திய பாதரச மருந்தால் அவர் கைகள் புண்ணாயின. அவருக்காகவே ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியில் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வாங்கினார். இன்று உலகமெல்லாம் மருத்துவர்கள் போடும் ரப்பர் கையுறைக்கு இப்படி ஒரு பின்கதை! 1890இல் இருவரும் மணந்துகொண்டார்கள், கரோலின் வேலையை விட்டார். பெரிய வீடு, ஆளுக்கொரு மாடி, குழந்தைகள் இல்லை. ஹால்ஸ்டெட்டின் சட்டைகள் சலவைக்குப் பாரிஸ் வரை போய் வந்ததாகச் சொல்வார்கள். (என் வீட்டுக்காரருக்கு இது தெரியாமலிருப்பது நல்லது.)

ஹால்ஸ்டெட்டுக்குக் கொக்கெயின் பழக்கமும் பிறகு மார்ஃபின் பழக்கமும் இருந்தது. மயக்க மருந்து ஆராய்ச்சியில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்ததில் வந்த வினை அது. அதனால்தான் ரெசிடென்ட்களைத் தூங்கவிடாமல் வேலை வாங்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரே பல நாட்கள் மருத்துவமனைப் பக்கம் வராமல் இருந்தவர். போக வேறு வீடு இல்லாதவனுக்கு வேலை நேரம் என்று ஒன்றைத் தனியாகக் குறிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தார். கல்யாணம் 1914இல்தான். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று மாப்பிள்ளை டாக்டர் சுந்தர ரெட்டியிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொண்டார். 1914இல்! வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்பெஞ்சுப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஞாபகம் இருக்கிறதா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பலர் மனைவி, குழந்தையோடு படிக்க வந்தார்கள். கல்யாணத் தடையைக் கட்டிக்காக்க முடியவில்லை. ஆனால் வேலை முறையை யாரும் தொடவில்லை. சம்பளம் சொற்பம் என்பதால் மனைவிகள் ஆசிரியையாக, செவிலியராக, தட்டச்சராக வேலைக்குப் போய் வீட்டு வாடகை கட்டினார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, கணவர் பட்டம் வாங்கும்போது மனைவிக்கும் 'கணவனைக் கரையேற்றியவர்' என்ற பொருளில் விளையாட்டாக ஒரு சான்றிதழ் கொடுத்தன. வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கியிருப்பார்கள். நானாக இருந்தால் சம்பளப் பாக்கி எவ்வளவு என்று கேட்டிருப்பேன்.

பிறகு 1984. நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயது மாணவி காய்ச்சலோடு ஓர் இரவு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாள் காலை இறந்துபோனாள். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் பல நோயாளிகளைச் சுமந்துகொண்டிருந்த பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான தந்தை விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் 80 மணி நேர வரம்பு வந்தது, அதுவும் நாலு வாரச் சராசரியில். கவனியுங்கள்: நோயாளி சாகக் கூடாது, களைத்த மருத்துவர் தவறு செய்யக் கூடாது என்பதற்காக வந்த விதிகள் இவை. மிகவும் நியாயமானவை. அந்த மருத்துவரின் வீட்டில் இன்னொரு தட்டு மூடிவைத்துக் காத்திருக்கிறது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

கணக்கு என்றதும் டீச்சருக்குக் கை துறுதுறுக்கிறது. வாரத்துக்கு 168 மணி. அதில் 80 போனால் 88. நாளுக்கு 7 மணி தூக்கம் என்றால் 49 போய் மீதி 39. பேருந்து, குளியல், சாப்பாடு, ஆய்வேடு, பரீட்சைப் படிப்பு எல்லாம் அதற்குள்தான். குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச என்ன மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். இத்தனைக்கும் இது வரம்பை மதிக்கும் இடத்துக் கணக்கு.

நம் நாட்டில் 1992ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆணை, தொடர்ந்த பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் அந்தக் கணக்குப்படி வீடு திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. 2023இல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிகள் வாரத்தில் ஒருநாள் விடுப்பு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்று சொல்கின்றன. பணி நேரத்தைப் பற்றி மட்டும் 'நியாயமான' நேரம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டன. எது நியாயம் என்பதை யார் முடிவு செய்வார் என்று மேற்படிப்பு மாணவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான்: "தப்பு உன் மேலயும் இல்லை, அவன் மேலயும் இல்லை. கல்யாணம் ஆகாதவனுக்காகக் கட்டின அறையில நீங்க மூணு பேர் குடித்தனம் பண்றீங்க." டியூட்டி அட்டவணையை ஒரு நகல் எடுத்து மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்திருக்கிறாள். இப்போது மாமியாரே அதை அடுக்களை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி, இரவுப் பணி நாட்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டுவைக்கிறாராம். வளைகாப்பு தேதியைக்கூட அதைப் பார்த்துத்தான் குறித்தார்களாம், நாத்தனாருக்கு.

என் மாணவர்களில் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் எழுத வேண்டாம், உங்களுக்கு நேரம் இருக்காது. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் அந்த மூன்று ஆண்டுகள் எப்படிப் போயின என்று கீழே எழுதினால் ஒன்றுவிடாமல் படிப்பேன்.