கதவணை மின்நிலையம்

ஆற்றின் குறுக்கே கதவுகள் அமைத்து நீரைத் தேக்கி, அதன் இருபுறமும் உண்டாகும் சில மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டில் மின்சாரம் எடுக்கும் நிலையம். மேட்டூருக்குக் கீழே காவிரியில் இத்தகையவை ஏழு உள்ளன.

கொங்கு நாட்டுக்கு நீர்மின்சாரம் முதலில் வந்தது மலையிலிருந்து. 1932இல் தொடங்கிய பைக்காரா நிலையத்தில் நீர் 900 மீட்டருக்கு மேல் இறங்கியது. கோவைப் பஞ்சாலைகளும் மதுக்கரை சிமென்ட் ஆலையும் அந்த மின்சாரத்தால் வளர்ந்தவை. அவ்வளவு உயரம் இருந்தால் கொஞ்ச நீரே போதும். சமவெளியில் உயரக் குறைவை நீரின் அளவால்தான் ஈடுகட்ட முடியும். விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஒரு மீட்டர் இறங்கினால், இழப்பே இல்லாவிட்டாலும் 9.8 கிலோவாட்தான். 6 மீட்டர் இறக்கத்தில் 30 மெகாவாட் பெற, நடைமுறை இழப்புகளையும் சேர்த்தால், விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் ஓடவேண்டும்.

இதற்கேற்ற சுழலியை, நீரோட்டத்துக்குத் தக்கபடி திரும்பும் இலைகளோடு, ஆஸ்திரியாவின் விக்டர் கப்லான் 1910களில் உருவாக்கினார். பின்னர் வந்த குமிழ்ச் சுழலியில் மின்னாக்கியே நீர்புகாத கூட்டுக்குள் நீரோட்டத்தின் நடுவே கிடக்கும். 1966இல் திறக்கப்பட்ட பிரான்சின் ரான்ஸ் கடலோத நிலையம் இத்தகைய 24 சுழலிகளால் இயங்குவது.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. டெல்டா பாசனத்துக்காக அதிலிருந்து திறக்கும் நீர் எப்படியும் ஆற்றில் ஓடத்தான் போகிறது. அதை வழியில் மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே கதவணைத் திட்டம். தமிழ்நாடு மின்சார வாரியம் 1980களின் இறுதியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை ஆகிய நான்கையும் இயக்கியது. பவானி கட்டளைத் திட்டத்தில் 2006 முதல் சமயசங்கிலி, வெண்டிபாளையம், பாசூர் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் சுழலிகள் இரண்டு. மொத்தம் 210 மெகாவாட்.

இந்த 210 நிறுவுதிறன் மட்டுமே. பாசனத் திறப்பு நின்றால் உற்பத்தி அடங்கிவிடும். பெருவெள்ளத்திலும் அதே கதி: கதவுகளை உயர்த்தியதும் இருபுற மட்டமும் நெருங்கிவிடும், ஆறு நிறைய நீர் ஓடியும் சுழலி நிற்கும். கதவணைத் தேக்கத்துக்கு வேறு பயன்களும் உண்டு. குடிநீர்த் திட்டங்கள் அதிலிருந்து நீர் எடுக்கின்றன. நெரிஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரைப் பூலாம்பட்டிக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. பராமரிப்புக்காகத் தேக்கத்தை வடிக்கும் நாட்களில் அதுவும் நிறுத்தப்படும்.