இனிக்கும் வைனும் மாஞ்சரியின் வெயிலும்

இலேசாக இனிக்கும் வெள்ளை வைன் என்றால் ஜெர்மனியே முதலில் நினைவுக்கு வரும். மோசல், ரைன் ஆற்றங்கரைச் சரிவுகளில் குடும்பங்கள் தலைமுறைகளாக வளர்த்துவரும் ரீஸ்லிங் கொடிகளின் கொடை அது. அவ்வினிப்பு தொடக்கத்தில் எவரும் திட்டமிட்டதன்று. இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் அறுவடை நடக்கும். நிலவறையில் குளிர் ஏறியதும் நொதித்தல் தானே அடங்கும். எஞ்சிய சர்க்கரை மதுவிலேயே தங்கிவிடும். குளிர்நாட்டுப் பழத்தின் கடும்புளிப்பு அதைத் திகட்டாமல் காத்தது. 20ஆம் நூற்றாண்டில் நுண்வடிகட்டி வந்தபின், நொதித்து முடிந்த வைனில் நொதிக்காத பழச்சாற்றைக் கலந்து இனிப்பேற்றும் முறை பரவிற்று. லீப்ஃபிராவ்மில்ஹ் என்னும் பெயரில் உலகச் சந்தையில் மலிவாகக் குவிந்தது பெரும்பாலும் இவ்வகையே. ஜெர்மன் வைனின் மதிப்பைக் குலைத்தது இந்த மலிவுதான். பழியோ இனிப்பின்மேல் விழுந்தது.

புனேயின் கிழக்கே, ஹடப்சரைக் கடந்து சோலாப்பூர் சாலையில் செல்வோர் மாஞ்சரியை அடைவர். தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் 1997இல் இங்குத்தான் நிறுவப்பட்டது. ஜெர்மனியின் சிக்கல் இங்கே தலைகீழாகிறது. தக்காணத்தில் கொடி குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆகவே ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் கனிக்கென மறு கவாத்து என ஆண்டுக்கு இருமுறை வெட்டுகின்றனர். வைன் திராட்சையின் அறுவடை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். வெயில் ஏற ஏறச் சர்க்கரை பெருகும், புளிப்பு விரைந்து குறையும். அங்கே நிலவறைக் குளிர் இலவசமாகச் செய்த வேலையை, இங்கே குளிரூட்டிய எஃகுத் தொட்டி மின்கட்டணத்துடன் செய்கிறது. குறையும் புளிப்பை ஈடுகட்ட டார்டாரிக் அமிலமும் சேர்க்க நேரிடுகிறது.

இதே புனே மாவட்டத்தின் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே 1980களில் பிரெஞ்சு நிறுவனமான பைப்பர் ஹைட்சீக்கின் தொழில்நுட்ப உதவியுடன் நுரைவைன் செய்தார். அதன் பெயர் ஓமர் கய்யாம்! நாசிக்கில் ராஜீவ் சாமந்த் குடும்ப நிலத்தில் கொடி நட்டுத் தம் தாயின் பெயரையொட்டிச் ‘சுலா’ எனப் பெயரிட்டார். முதல் வைன் 2000இல் வெளிவந்தது. அவருடைய செனின் பிளாங்கில் இலேசான இனிப்பு உண்டு. கொடி பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கினது எனினும், ஜெர்மன் பாணிக்கு இந்தியாவில் நெருங்கிய உறவுகளில் ஒன்று அது எனலாம். முதன்முறை வைன் அருந்துவோரை அந்த இனிப்பே ஈர்த்தது.

2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதன்தொழில் கொள்கையை அறிவித்து வரிச்சலுகை தந்ததும் ஆலைகள் பெருகின. உழவர்கள் ஒப்பந்தத்தை நம்பி வைன் கொடிகளை நட்டனர். இடர் அங்கேதான் இருந்தது. தாம்சன் விதையிலி பயிரிட்டவர், வணிகர் கைவிட்டால் பழத்தை உலர்த்தித் தாஸ்காவ் சந்தையில் கிஸ்மிஸாக விற்கலாம். வைன் திராட்சையோ சிறுகனி, தடித்த தோல், உள்ளே விதை; ஆலை வாங்காவிடில் அதைத் தின்னக் கொள்வார் இல்லை. 2008க்குப் பின் விற்பனை சரிந்து சில ஆலைகள் கொள்முதலை நிறுத்தியபோது, பலர் அக்கொடிகளைப் பிடுங்கிவிட்டு உண்ணும் திராட்சைக்கே திரும்பினர்.