பிறப்புப் பதிவும் கடவுச்சீட்டும்: கிழக்கிலங்கைக் கரையோர நோக்கு

கடவுச்சீட்டு பயணத்தின் தொடக்கம் எனக் கருதுவது பொதுவழக்கு. ஆயின் அதன் வரலாற்றை ஆராய்வோர்க்கு, அது பிறப்போடு தொடங்கும் ஒரு பத்திரத் தொடரின் பிற்பகுதியே என்பது புலனாகும். பிறப்புப் பதிவிலிருந்து குடியுரிமையும், குடியுரிமையிலிருந்து கடவுச்சீட்டும், கடவுச்சீட்டை ஆதாரமாகக் கொண்டு விசாவும் கிடைக்கின்றன. முதற் பத்திரம் பழுதுபடின் ஏனையவும் பழுதுபடும். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை முதலிய தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களைக் கொண்ட கிழக்குக் கரையின் அண்மைக்கால வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாக அமைகின்றது.

இருகரைகளும் பிரித்தானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், காயற்பட்டினம், கீழக்கரை முதலிய துறைகளின் முஸ்லிம் வணிகர் இலங்கைக்கு வருவதும் மீள்வதும் இயல்பான நிகழ்ச்சிகளாக இருந்தன. எனினும் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கைச் சோனகரையும் இந்தியச் சோனகரையும் வேறுபடுத்திக் கணக்கிட்டது. உலகெங்கும் கடவுச்சீட்டு நிலையான ஏற்பாடாக வேரூன்றியது முதலாம் உலகப் போரின் பின்னரேயாம். 1920இல் சர்வதேச சங்கத்தின் முயற்சியாற் பாரிசிற் கூடிய மாநாடு அதற்குப் பொதுவான வடிவத்தை வகுக்க முற்பட்டது. கடவுச்சீட்டு, ‘இவர் எம் நாட்டவர்’ என ஓர் அரசு தரும் சான்று. விசா, ‘இவர் எம் நாட்டுக்குள் வரலாம்’ எனப் பிறிதோர் அரசு தரும் இசைவு. இவ்விரண்டும் வெவ்வேறு அரசுகளின் கையில் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் 1948ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் போதாது என விதித்தது. தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். நாடளாவிய பிறப்புப் பதிவோ 1867இலேயே தொடங்கியது. பதிவேடே இல்லாத காலத்திற் பிறந்த பூட்டனுக்குப் பத்திரம் காட்டுவது எங்ஙனம்? இவ்வினாவின் முழுச் சுமையையும் தாங்கியவர்கள் மலையகத் தமிழரே. 1964 ஒக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கிழக்குக் கரையினர்க்கு நேர்ந்த இடர் வேறு வகையானது. அவர்களிடம் பத்திரம் இருந்தது. ஆனாற் பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. 1961 வரை பொத்துவில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அம்பாறை மாவட்டத்தில் அடங்கியது. ஆகவே ஒரே ஊரிற் பிறந்த தந்தையின் பத்திரத்தில் ஒரு மாவட்டமும் மகனின் பத்திரத்தில் வேறொரு மாவட்டமும் காணப்படலாம். மேலும், ‘முகம்மது’ என்னும் பெயரைத் தமிழிலேயே பலவாறாக எழுதுவர். தமிழிற் பதியப்பட்ட அப்பெயர் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது வேறுபாடு மேலும் பெருகும். ஊரார்க்கு ஒருவராகத் தெரிபவர் அயல்நாட்டு அதிகாரிக்கு இருவராகத் தோன்றுதல் இவ்வாறேயாம்.

1970களின் நடுப்பகுதி தொடக்கம் எண்ணெய் வளம் மிக்க அரபு நாடுகளுக்குத் தொழில் நாடிச் செல்வோர் தொகை பெருகியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. அந்நாடுகளில் தொழிலாளியின் வதிவிட உரிமை ‘கபாலா’ எனப்படும் பொறுப்பாளர் முறையினால் முதலாளியோடு பிணைக்கப்பட்டிருந்தது. முதலாளி கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளின், தொழிலாளி தம் நாட்டின் சான்றையும் இழந்தவராவார்.

பத்திரப் பழுதின் கொடிய விளைவை இதே மாகாணத்தின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் வரலாறு காட்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின்படி அவர் 1988இற் பிறந்தவர். கடவுச்சீட்டோ 1982 எனக் கூறிற்று. 2005இல் சவூதி அரேபியாவில் அவருடைய பராமரிப்பில் இருந்த குழந்தையொன்று இறந்தமை தொடர்பாக அவர்மீது கொலைக்குற்றம் சுமத்தப்பட்டபோது, ஒரு பத்திரத்தின்படி அவருக்கு வயது 17, மற்றதன்படி 23. பதினெட்டு வயதுக்குட்பட்ட காலத்துக் குற்றத்துக்கு மரணதண்டனை ஆகாது என்னும் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிட்டவில்லை. 2013 சனவரி 9இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. வறுமையும் முகவர் தொழிலும் ஓர் இளம்பெண்ணின் வயதிற் கூட்டிய ஆறு ஆண்டுகள், அவர் வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகளையெல்லாம் கொண்டுபோயின.

2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையில் உயிர்களையும் வீடுகளையும் மட்டுமன்றி, வீட்டுப் பெட்டகங்களில் இருந்த பத்திரங்களையும் வாரிச் சென்றது. அவற்றை மீளப் பெறுதற்கு அரச பதிவேடுகளே துணையாயின. எனவே பிறப்புப் பதிவேடு எழுதுநரின் பணி சிறிய அலுவலகப் பணியன்று. அவர் எழுதும் ஓர் எழுத்தும் ஓர் ஆண்டும் கடல் கடந்து ஒருவரைக் காக்கவும் கூடும், கைவிடவும் கூடும். மன்னரையும் போர்களையும் கற்கும் வரலாற்று மாணவர் இப்பதிவேடுகளையும் வரலாற்று மூலங்களாகக் கொண்டு கற்பாராயின், நம் கரையோர மக்களின் வாழ்வை மேலும் அணுகி அறிவர் என்பது திண்ணம்.