படிக்கும் தொலைவு: அமெரிக்க அடையாள அட்டைகளில் வானலைச் சில்லு, 2004–2009

அடையாள அட்டைக்குள் சில்லு என்றதும், வானத்திலிருந்து யாரோ நம்மைப் பின்தொடரப் போகிறார்கள் என்ற அச்சமே முதலில் எழுகிறது. ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் வானலைச் சில்லுக்கு அந்தத் திறன் கிடையாது. அட்டைகளில் வைக்கப்படும் சில்லுக்குப் பேட்டரி இல்லை. ரீடர் வீசும் வானலையிலிருந்தே மின்சாரம் பெற்று, தனக்குள் இருப்பதைத் திருப்பிச் சொல்லும். எனவே தனியுரிமை பற்றிக் கேட்க வேண்டியவை இரண்டு. எவ்வளவு தொலைவிலிருந்து படிக்கலாம்? வைத்திருப்பவர் அறியாமல் படிக்க முடியுமா? 2004 முதல் 2009 வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்க அரசு இவற்றுக்கு நேரெதிரான இரண்டு விடைகளைத் தந்தது. அந்த வேறுபாடு யாருடைய வசதிக்காக ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

பொதுமக்களின் கோபம் முதலில் வெடித்தது வட கலிஃபோர்னியாவின் சட்டர் என்ற சிற்றூரில். 2005 ஜனவரியில் அங்குள்ள பிரிட்டன் தொடக்கப் பள்ளி, பெயரும் படமும் வகுப்பும் அச்சிட்ட அட்டையை மாணவர்களின் கழுத்தில் மாட்டிவிட்டது. அட்டைக்குள் சில்லு இருந்தது. வகுப்பறை வாசலுக்கு மேல் ரீடர். பிள்ளை உள்ளே நுழைந்ததும் ஆசிரியரின் கைக்கருவியில் வருகை பதிவாகும். கழிப்பறை வாசல்களிலும் ரீடர் பொருத்தியிருந்தார்கள். கருவியைத் தயாரித்த இன்காம் நிறுவனம் பள்ளிக்குப் பணம் கொடுத்திருந்தது. பிற்கால விற்பனையில் பங்கு தருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தது. பெற்றோரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. குடிமை உரிமை அமைப்புகளின் துணையுடன் அவர்கள் எதிர்த்து நின்றதும், பிப்ரவரியிலேயே நிறுவனம் பின்வாங்கியது. வருகைப் பதிவு எளிதாகும் என்ற பள்ளியின் வாதம் பொய்யல்ல. ஆனால் அந்த நேரமிச்சம் ஆசிரியருக்கு; கழுத்தில் தொங்கிய எண் பிள்ளைக்கு.

அதே பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை, சில்லு பொதித்த கடவுச்சீட்டுக்கான வரைவு விதியை வெளியிட்டது. பெயர், பிறந்த தேதி, முகப்படம் எல்லாம் சில்லில் இருக்கும், மறையாக்கம் இராது. பத்து சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால்தான் படிக்க முடியும், ஆகவே பாதுகாப்பு தேவையில்லை என்பது துறையின் நிலைப்பாடு. வந்து குவிந்த 2,335 கருத்துகளில் 98 விழுக்காட்டுக்கும் மேல் எதிர்ப்பு. வெளிநாட்டுத் தெருவில் நடந்து செல்லும் அமெரிக்கரைக் கூட்டத்துக்குள் அடையாளம் காண இது வழிசெய்யும் என்று பயணிகள் அஞ்சினார்கள். பத்து சென்டிமீட்டருக்கு அப்பாலிருந்தும் படிக்கலாம் என்று வல்லுநர்கள் செய்தும் காட்டினார்கள். துறை இறங்கிவந்தது. 2005 அக்டோபரில் வெளியான இறுதி விதியில் இரண்டு காப்புகள் இருந்தன. மேலட்டைக்குள் உலோக இழை சேர்ந்ததால், மூடிய கடவுச்சீட்டைப் படிப்பது கடினமானது. மற்றது ஒரு பூட்டு: உள்பக்கத்தின் அடியில் அச்சிட்டுள்ள கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றை முதலில் ஒளியியல் கருவியால் படித்து, அவற்றிலிருந்து திறவுகோல் உருவாக்கினால்தான் சில்லு பேசும். அதாவது, உரியவர் திறந்து நீட்டாமல் படிக்க இயலாது. சம்மதம் என்பதைப் பொறியியலுக்குள்ளேயே வைத்த இந்த ஏற்பாடு, என் பார்வையில், இவ்வரலாற்றின் சிறந்த பக்கம். 2006 ஆகஸ்டிலிருந்து மக்களுக்கு இத்தகைய கடவுச்சீட்டுகள் கிடைக்கத் தொடங்கின.

உடலுக்குள் பதிக்கும் சில்லு இதற்குள் வந்துவிட்டிருந்தது. அரிசி மணி அளவுள்ள வெரிச்சிப், 16 இலக்க எண்ணை மட்டும் சுமந்து மேற்கைத் தோலுக்கடியில் தங்கும். 2004 அக்டோபரில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அதை அனுமதித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சில்லு இடம்பெயர்வதையும் தகவல் பாதுகாப்புக் குறைவையும் ஆபத்துகளாகவே குறிப்பிட்டிருந்தது. 2006இல் ஓர் ஆய்வாளர் அந்த எண்ணை நகலெடுத்தே காட்டினார். அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலம், ஒருவரின் உடலில் கட்டாயப்படுத்திச் சில்லு பதிப்பதைத் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 டாலர் வரை அபராதம். 2007இல் வடக்கு டகோட்டாவும் கலிஃபோர்னியாவும் அதே வழியில் சென்றன.

கலிஃபோர்னியாவின் கதையை இங்கே உற்று நோக்க வேண்டும். சட்டர் நிகழ்வுக்குப் பின், மாநில அடையாள அட்டைகளின் சில்லுகளுக்குப் பாதுகாப்பு விதிக்கும் மசோதாவைச் செனட்டர் ஜோ சிமிட்டியன் கொண்டுவந்தார். கூட்டாட்சி அரசின் அட்டைத் தரங்கள் இன்னும் வெளிவரவில்லை என்று சொல்லி, 2006இல் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் அதை நிராகரித்தார். அதே ஆளுநர், மறு ஆண்டே உடற்சில்லுத் தடைக்குக் கையெழுத்திட்டார். தோலுக்கடியில் சில்லு வைத்துக்கொண்டவர்கள் மிகச் சிலர். அந்தத் தடையால் எந்த அலுவலகத்தின் வேலையும் நிற்காது. பர்ஸில் அட்டை வைத்திருப்போர் கோடிக்கணக்கானோர். அவர்களைக் காக்க முற்பட்டால் நிர்வாகத்துக்குச் செலவும் சிரமமும் உண்டு. சட்டம் எளிதாக வந்தது எங்கே என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

கடவுச்சீட்டுக்கு நேரெதிரான விடை எல்லைகளில் வந்தது. கனடா, மெக்சிகோ தரைவழி எல்லைகளுக்காக 2008இல் கடவுச்சீட்டு அட்டையும், வாஷிங்டன் மாநிலத்தின் மேம்படுத்தப்பட்ட ஓட்டுநர் உரிமமும் வழங்கப்படலாயின. கார் அதிகாரியின் கூண்டை அடையும் முன்பே, உள்ளிருக்கும் அனைவரின் விவரமும் திரையில் தெரிய வேண்டும். வரிசை வேகமாக நகர வேண்டும். அதற்காக 20 அடிக்கு மேலிருந்தும் படிக்கக்கூடிய, கிடங்குகளில் சரக்கு எண்ணப் பயன்படும் வகைச் சில்லைத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுச்சீட்டில் கண்ட பூட்டு இதில் இல்லை. பெயரோ முகவரியோ கிடையாது, வெறும் எண்தான் என்று அரசு சமாதானம் சொன்னது. மாறாத எண்ணை ஒருமுறை ஒருவரோடு இணைத்துவிட்டால், பிறகு அது எங்கு படிக்கப்பட்டாலும் வந்துபோனவர் அவர்தான் என்று தெரிந்துவிடும், பெயர் எதற்கு? 2009 தொடக்கத்தில் ஓர் ஆய்வாளர், மலிவாக வாங்கிய பழைய ரீடரைக் காரில் வைத்து சான் ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் ஓட்டிச்சென்று, முன்பின் அறியாதவர்களின் கடவுச்சீட்டு அட்டை எண்களைப் பிடித்துக் காட்டினார்.

அட்டையுடன் ஒரு காப்புறையும் தரப்பட்டது. உறை கசங்கினால் ஓட்டுநர் உரிமம் அதற்குள் இருந்தபடியே படிக்கப்படுகிறது என்று வாஷிங்டன் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகமும் நடத்திய சோதனை கண்டது. 2008இல் கலிஃபோர்னியா, அடையாள அட்டையை உரியவர் அறியாமல் தொலைவிலிருந்து படிப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் படிக்கப்பட்டதற்கு அட்டையில் எந்தத் தடயமும் பதிவதில்லை. பாதிக்கப்பட்டவரிடம் புகார் கொடுக்க ஆதாரமே இருக்காது. கடவுச்சீட்டு அட்டை அதே நெடுந்தொலைவுச் சில்லுடன்தான் தொடர்ந்து வழங்கப்படுகிறது. அதை உறையிலிட்டுக் காக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது.