சுங்கச் சுவரும் மோட்டார் விலையும்

வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வரும் மோட்டார் கார் ஏன் அவ்வளவு விலை விற்கிறது என்று கேட்டால், சுங்கவரியே காரணம் என்று பலரும் உடனே விடை கூறுவர். அவ்விடை தவறன்று, ஆனால் அது பாதி விடையே. நூறு ரூபாய்ப் பொருளுக்கு முப்பது ரூபாய் வரி விதித்தால் விலை நூற்று முப்பது ஆகும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. சரித்திரம் அந்தக் கணக்கின்படி எப்போதும் நடந்ததில்லை. ஓரிடத்தில் வரி நீடித்த காலமெல்லாம் விலையும் உயர்ந்தே நின்றது. மற்றோரிடத்தில் வரிச் சுவர் சற்றும் தாழாதிருக்கும்போதே உள்நாட்டு வண்டியின் விலை இறங்கியது. இந்த வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதைக் கனடா, இங்கிலாந்து, இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. அதன் ஒரு கரை அமெரிக்கா. மறு கரை கனடா. 1903-இல் ஹென்றி ஃபோர்டின் மோட்டார்க் கம்பெனி டெட்ராய்ட்டில் தோன்றியது. அக்கரையிலிருந்து வரும் முழு வண்டிக்குக் கனடா அரசாங்கம் நூற்றுக்கு 35 வீதம் சுங்கவரி வாங்கிற்று. கனடாவின் கரையில் வாக்கர்வில் என்னும் ஊரில் குதிரை வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்த கார்டன் மக்கிரெகர் என்பவர் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டார். 1904-இல் ஃபோர்டுடன் உடன்படிக்கை செய்துகொண்டு கனடா ஃபோர்டு கம்பெனியைத் தொடங்கினார். பாகங்கள் ஆற்றைக் கடந்து வந்தன. வாக்கர்வில்லில் அவற்றைப் பூட்டி முழு வண்டியாக்கினார்கள். கனடாவில் மட்டுமின்றிப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பல பகுதிகளிலும் ஃபோர்டு வண்டியை விற்கும் உரிமை அக்கம்பெனிக்குக் கிடைத்தது. ஒரே மாதிரி வண்டியைப் பூட்ட ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு பட்டறைகள் ஏற்பட்டதற்குக் காரணம் அந்தச் சுங்கவரிதான்.

கனடாக்காரருக்கு வேலை கிடைத்தது, அது நன்மையே. ஆனால் வண்டி வாங்கியவருக்கு அக்கரை விலை கிட்டவில்லை. எதிர்க்கரையில் என்ன விலைக்கு விற்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அந்த விலையோடு வரியையும் சேர்த்தால் எவ்வளவு ஆகுமோ, அதற்குச் சற்றுக் குறைவாகக் கேட்டாலே உள்நாட்டு வண்டி விற்றுவிடும். 1926-இல் நிதியமைச்சர் ஜேம்ஸ் ராப், 1,200 டாலருக்கு மேற்படாத கார்களின் வரியை 35-இலிருந்து 20 ஆகக் குறைத்தார். ஆஷவா நகரத்து மோட்டார்த் தொழிலாளர் தலைநகருக்குச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுடைய அச்சம் இயற்கையானதே. எனினும் தொழில் அழியவில்லை. கம்பெனிகள் விலையைக் குறைத்துக்கொண்டு நடந்தன. அதுகாறும் அவ்விலையைத் தாங்கி நின்றது சுங்கச் சுவரே என்பது இதனால் வெளிப்பட்டது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். கட்டற்ற வாணிகமே தங்கள் செல்வத்துக்கு வேர் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த நாடு அது. முதல் உலகப் போரின் நடுவே, 1915-இல், நிதியமைச்சர் ரெஜினால்டு மக்கென்னா வெளிநாட்டுக் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், கடிகாரங்கள், இசைக் கருவிகள், சினிமாப் படச்சுருள் ஆகியவற்றின்மீது மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வரியாக விதித்தார். கப்பலில் இடம் மிச்சப்பட வேண்டும், பணம் வெளியே போகக் கூடாது, மக்கள் ஆடம்பரத்தைக் குறைக்க வேண்டும் என்பவை அன்று கூறப்பட்ட காரணங்கள். போர் முடிந்தது, வரி முடியவில்லை.

இவ்வரியால் முதலில் இடருற்றவர்களுள் ஆக்ஸ்போர்டு நகரத்து வில்லியம் மாரிஸ் ஒருவர். அவர் இங்கிலாந்துக்காரர், அவர் செய்ததும் இங்கிலாந்து வண்டியே. ஆனால் 1915-இல் வெளிவந்த அவருடைய 'கௌலி' காரின் எஞ்சின் டெட்ராய்ட்டிலிருந்து வந்தது. அங்கே மலிவாகக் கிடைத்ததால் அவ்விதம் ஏற்பாடு செய்திருந்தார். உள்நாட்டுத் தொழிலுக்கு நிழல் தர எழுந்த வரி, உள்நாட்டு வண்டியின் செலவையே ஏற்றிவிட்டது. போருக்குப் பிறகு அந்த எஞ்சினைப் போன்றதையே கவென்ட்ரி நகரில் செய்வித்து அவர் வண்டியில் பொருத்தினார். வரி முழு வண்டியைத் தொடுவது கண்ணுக்குத் தெரியும். பாகத்தைத் தொடுவது எளிதில் தெரிவதில்லை.

அடுத்து நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. 1921-இன் தொடக்கத்தில் வியாபாரம் மந்தமாகி, வண்டிகள் விற்காமல் தேங்கின. மாரிஸ் தமது நான்கு பேர் அமரும் கௌலி காரின் விலையை 525 பவுனிலிருந்து 425 பவுனாகக் குறைத்தார். பின்னரும் பலமுறை குறைத்தார். 1920-இல் ஏறத்தாழ 2,000 வண்டிகள் செய்த அவர், 1925-இல் 50,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் செய்தார். இவ்விலையிறக்கம் முழுவதும் சுங்கச் சுவருக்கு உள்ளேயே தொடங்கியது. ஆஸ்டின் முதலிய கம்பெனிகள் எதிரே நின்று போட்டியிட்டன. 1911 முதலே மான்செஸ்டரில் வண்டி பூட்டி வந்த ஃபோர்டும் சுவருக்கு உட்புறத்திலேயே இருந்தது. ஆகவே வரியைக் காட்டி விலையை உயர்த்தி வைக்க யாராலும் இயலவில்லை.

1924-இல் தொழிற்கட்சி அமைச்சரவையின் நிதியமைச்சர் பிலிப் ஸ்நோடன் இவ்வரியை நீக்கினார். மோட்டார்த் தொழில் மூழ்கிவிடும் என்று பலத்த கூக்குரல் எழுந்தது. மூழ்கவில்லை. மறு ஆண்டே வின்ஸ்டன் சர்ச்சில் வரியை மீண்டும் கொணர்ந்தார். அதே 1925-இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனியை விலைக்கு வாங்கிற்று. 1926-இல் பிரான்சின் சித்ரோவன் கம்பெனி ஸ்லௌ நகரில் தொழிற்சாலை திறந்தது. கனடாவின் ஆற்றங்கரையில் கண்ட அதே காட்சிதான் இது. சுவர் எழுந்தால் வண்டிக்குப் பதிலாகப் பட்டறை சுவரைத் தாண்டி வருகிறது.

இவ்விதம் தாண்டி வந்த பட்டறைகள் நம் நாட்டையும் அடைந்தன. கனடா ஃபோர்டின் கிளையாக 1926-இல் இந்திய ஃபோர்டு கம்பெனி தோன்றிற்று. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டி பூட்டத் தொடங்கியது. சென்னையிலும் ஃபோர்டு வண்டிகள் பூட்டப்பட்டன. முழு வண்டி கப்பலில் மிகுந்த இடத்தை அடைக்கும். கழற்றிப் பெட்டிகளில் அடுக்கினால் அந்த இடத்தில் பல வண்டிகளின் பாகங்கள் கொள்ளும். மதிப்பின்மேல் விதிக்கும் சுங்கவரியில் சரக்கின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். ஆதலால் கூலி குறைந்தால் வரியும் குறையும். பூட்டும் வேலையின் கூலி உள்ளூரில் கொடுக்கப்படுவதால் அது சுங்கத்தின் கைக்கு எட்டுவதே இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் சுவர் கோட்டையாயிற்று. 1949-இல் முழு வண்டிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1953-இல் சுங்கவரிக் கமிஷன், பாகங்களையும் இங்கேயே செய்யத் திட்டமுள்ள கம்பெனிகளே இத்தொழிலில் நிலைக்கலாம் என்று கூற, அரசாங்கமும் ஏற்றது. அத்தகைய திட்டமின்றிப் பூட்டும் வேலையை மட்டுமே செய்து வந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-க்குள் விலகின. கார் செய்வோராக இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூவரே முக்கியமாக எஞ்சினர். என் இளமையில் எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு கார் வந்தால், அது அம்பாசிடரா, ஃபியட்டா, ஸ்டாண்டர்டா என்பதற்கு மேல் கேள்வி எழாது. பணம் கட்டியவர் வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். இத்தனை வண்டிகள்தாம் செய்யலாம் என்று லைசென்ஸ் முறை வரம்பு கட்டியிருந்தது. புதிதாக யாரும் நுழையவும் இயலாது. மாரிஸின் நாட்டில் சுவருக்குள் பலர் போட்டியிட்டனர்; இங்கே போட்டியே அரிதாயிற்று. அம்பாசிடரின் உருவம் மாரிஸ் கம்பெனியின் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து வந்தது. அது பெரிய மாற்றமின்றி 2014 வரை செய்யப்பட்டது.

1983 டிசம்பரில் மாருதி கார் வெளிவந்தது. அதுவும் முதலில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிச் செய்த வண்டிதான். 1990-களில் லைசென்ஸ் கட்டு அவிழ்ந்து பல கம்பெனிகள் நுழைந்தன. ஃபோர்டும் மறைமலை நகரில் தொழிற்சாலை அமைத்து மீண்டும் வந்தது; 2022-இல் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. முழு வண்டிக்கு இறக்குமதி வரி உயரமாகவே இருந்தபோதிலும், சிறிய கார்களில் போட்டி மூண்டதால் வாங்குவோர் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 40,000 டாலருக்கு உட்பட்ட முழுக் காரின் சுங்கவரி நூற்றுக்கு 60-இலிருந்து 70 ஆயிற்று. பாதி பூட்டிய நிலையில் வருவதற்கு 30-இலிருந்து 35 ஆயிற்று. துறைமுகத்தில் நூறு ரூபாய் மதிப்புள்ள முழு வண்டி, அந்த விகிதப்படி சுங்கத்தைக் கடந்ததும் 170 ரூபாய். உள்நாட்டு வரியும் விற்பவரின் கமிஷனும் அந்த 170-இன்மேல் ஏறுகின்றன. வரியின்மேல் வரி என்பது இதுவே. அதே வண்டி பாதி பூட்டிய நிலையில் 80 ரூபாய்க்கு வருகிறதென்று கொள்வோம். அதற்கு வரி 28. இங்கே பூட்டும் செலவு 22 என்றால் அடக்கம் 130. செங்கற்பட்டை அடுத்து ஜெர்மானிய பி.எம்.டபிள்யூ கம்பெனி 2007 முதல் வண்டி பூட்டி வருவதன் காரணம் இத்தகைய கணக்கில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டியை 130-ஐ ஒட்டி விற்பதா, 170-ஐ ஒட்டி விற்பதா என்பதைச் சுங்க அதிகாரி தீர்மானிப்பதில்லை. பக்கத்துக் கடையில் நிகரான வண்டி கிடைக்குமானால் விலை 130-ஐ நோக்கி இறங்கும். கிடைக்காவிட்டால் 170-ஐ நோக்கி ஏறும்.

காப்பு வரி நன்றா தீதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற நான் முன்வரவில்லை. எண்ணூரிலும் திருப்பெரும்புதூரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோட்டார்த் தொழிலால் வாழ்கின்றன. அத்தொழில் நம் நாட்டில் வேரூன்றியதில் சுங்கச் சுவருக்கும் பங்குண்டு. ஆனால் அந்தச் சுவரைக் கட்டிய செலவு, வண்டி வாங்கிய ஒவ்வொருவரிடமிருந்தும் விலையின் பகுதியாக வசூலிக்கப்பட்டது. எனவே ஒரு புதிய வரி அறிவிக்கப்படும்போது, அது எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது. சுவருக்குள் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள், எத்தனை ஆண்டுகளுக்கு அந்தச் சுவர் நிற்கும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது குடிமக்களின் கடமையாகும்.