மார்கழியில் ஒரு பிறந்தநாள்: டிசம்பர் 25 குறித்த உசெனரின் வாசிப்பு மீது ஒரு மறுஆய்வு

டிசம்பர் 25 என்பது ரோமானியரின் சூரிய விழா, திருச்சபை அதைத் தன்வயப்படுத்திக் கிறிஸ்துவின் பிறந்தநாளாக்கிக்கொண்டது என்ற கருத்து இன்று கிட்டத்தட்ட பொதுஅறிவாகிவிட்டது. அதற்கு ஆய்வுலக மதிப்பைத் தேடித் தந்தவர் பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்மன் உசெனர். அவருடைய நூல் 1889இல் வெளிவந்தது. ஆனால் கருத்து அவருக்கு முந்தியது, அதைப் பரப்பியவர்களும் நாத்திகர்கள் அல்லர். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என்று 1659இல் சட்டம் போட்டார்கள் பியூரிட்டன்கள். அது 1681இல் நீக்கப்பட்ட பிறகும், 1687இல் இன்க்ரீஸ் மாதர் என்ற போதகர், கிறிஸ்துமஸ் பழைய ரோமானியரின் சனித்தேவர் விழாவிலிருந்து முளைத்தது என்று எழுதினார். அந்தப் புதிய இங்கிலாந்துச் சபை மரபின் வாரிசுகள்தாம் 1834இல் அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கிப் பெரியகுளம், வத்தலக்குண்டு வட்டாரங்கள்வரை வந்தார்கள். அதாவது, விழாவைக் குற்றமாக்கிய ஒரு மரபு, விழாவோடு மெல்லச் சமாதானமாகிவந்த காலத்தில்தான் நம் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. உசெனரின் வாதத்துக்குள் இந்த நெடிய சபைச்சண்டையின் சூடு இன்னும் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் மட்டும் அது தவறாகிவிடாது. ஆதாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஆதாரம் பெரும்பாலும் ஒரே ஏட்டில் இருக்கிறது. 354ஆம் ஆண்டுக்கென ரோமில் ஃபிலோகாலுஸ் என்ற எழுத்துக்கலைஞர் வாலன்டினுஸ் என்ற கிறிஸ்தவருக்காக எழுதிக்கொடுத்த தொகுப்பு அது. அரசு விழாக்களின் நாட்காட்டி, இறந்த ஆயர்களின் பட்டியல், மறைசாட்சிகளின் அடக்க நாள் பட்டியல் எனப் பல பகுதிகள் கொண்டது. ரோமில் இந்த விழா லிபேரியுஸ் ஆயராக இருந்தபோது, 354ஐ ஒட்டித்தான் புகுத்தப்பட்டது என்றார் உசெனர். ஆயர் பட்டியலையே உற்றுப் பார்த்தால் இது நிற்பதில்லை. அந்தப் பட்டியல் இறந்த நாள் வரிசைப்படி ஓடுகிறது, 335 டிசம்பர் 31இல் மறைந்த சில்வெஸ்டர் அதில் தமக்குரிய இடத்தில் இருக்கிறார். 336இல் இறந்த மார்க்கும் 352இல் இறந்த ஜூலியுஸும் வரிசைக்குள் தங்களுக்குரிய இடத்தில் இல்லாமல் கடைசியில் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆக மூலப் பட்டியல் 336இலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. அதன் இணைப்பட்டியலான மறைசாட்சிகளின் வரிசை, ஜனவரி பிறப்பதற்கு எட்டு நாள் முன் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்ற குறிப்போடு தொடங்குகிறது. சபை வரலாற்றாய்வாளர் லூயி துஷேன் இந்த வாதத்தை அப்போதே எழுப்பினார். இருந்தும் மேடைப்பேச்சில் வென்றவர் உசெனர்தான்.

சூரிய விழாவுக்கான சான்றும் இதே ஏட்டில்தான் இருக்கிறது என்பதைப் பலர் சொல்வதில்லை. அரசு நாட்காட்டியில் டிசம்பர் 25க்கு எதிரே, சுருக்கெழுத்தில், வெல்லப்படாதவரின் பிறந்தநாள், ரதப் பந்தயம் 30 என்று இருக்கிறது. சூரியன் என்ற பெயர் அங்கே இல்லை. அடைமொழி மட்டும்தான். அடைமொழி சூரியனைத்தான் குறிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே நாட்காட்டியின் மற்ற பக்கங்களைப் புரட்டினால் வேறொரு கணக்குத் தெரிகிறது. ஆகஸ்ட் 28இல் சூரியனுக்கும் சந்திரனுக்குமாக 24 பந்தயங்கள். அக்டோபர் 22இல், சூரியன் என்று பெயரைச் சொல்லியே, 36 பந்தயங்கள். அதற்கு முன் 19 முதலே விளையாட்டுகள் தொடங்கிவிடுகின்றன. ஆக ரோமானியரின் பெரிய சூரிய விழா ஐப்பசி வாக்கில் வருகிறதே தவிர, மார்கழியில் அல்ல. சக்கரவர்த்தி ஔரேலியன் 274இல் சூரியனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. அது டிசம்பர் 25இல்தான் அர்ப்பணிக்கப்பட்டது என்பது 354 நாட்காட்டியிலிருந்து பின்னோக்கிச் செய்யப்பட்ட ஊகம். ஆய்வாளர் ஸ்டீவன் ஹைமன்ஸ் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். 362இல் பேரரசர் ஜூலியன் சூரியனைப் பற்றி எழுதும்போது ஆண்டிறுதி விழா ஒன்றைப் பேசுகிறார். அதுவோ 336க்கு மிகவும் பிந்தியது. 30 என்ற எண் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. சாதாரண அரச பிறந்தநாளுக்கு 24 போதும். பின்னாளில் ஒரு சாதாரண நாளுக்குக் கௌரவம் கூட்டியதாகவும் இருக்கலாம், பழைய மரபாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல அந்த ஒற்றை வரி போதாது.

உசெனரின் வாசிப்புக்கு அடியில், பேசப்படாத ஓர் அனுமானம் கிடக்கிறது. குளிரில் பகல் சுருங்கச் சுருங்க மக்கள் அஞ்சினார்கள், சூரியன் திரும்பியதும் கொண்டாடினார்கள், அந்த உணர்ச்சியைச் சபை கைப்பற்றியது என்பது அது. ரோமில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 9 மணி நேரம், நீண்டது 15 மணி நேரத்துக்கும் மேல். போடிநாயக்கனூர் வட்டாரம் 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம், நீண்டதோடு வித்தியாசம் ஒரு மணி பத்து நிமிடம் அளவு. இவ்வட்டாரத்துப் பொட்டிபுரத்தில் மாலை சீக்கிரம் இருட்டுகிறது என்றால் அதற்குக் காரணம் மேற்கே நிற்கும் மலை. ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஏறுகிறவர் மார்கழியில் உணர்வது பனியைத்தான், அயனத்தை அல்ல. ஆனாலும் இதே நிலத்தில் உத்தராயணம் புண்ணிய காலம், தை முதல் நாள் பெருவிழா. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எதற்கு இவ்வளவு கொண்டாடுகிறோம்? கணியர்கள் அப்படிக் குறித்துத் தந்ததால்தான். வராகமிகிரர் காலத்தில், ஆறாம் நூற்றாண்டில், மகரப் பிறப்பும் அயனமும் பொருந்தியிருந்தன. இன்று உண்மையான அயனம் டிசம்பர் 21 அல்லது 22, தை பிறப்பது ஜனவரி நடுவில். வானம் நகர்ந்துவிட்டது, பஞ்சாங்கத் தேதி அதே ராசிப் பிறப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

டிசம்பர் 25இன் கதையும் இதுவே. ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி மரபில் அயனம் டிசம்பர் 25. நான்காம் நூற்றாண்டிலோ அது 21 வாக்கில் விழுந்துகொண்டிருந்தது. அன்று தேதியை நிர்ணயித்தவர்கள் வானத்தைப் பார்த்திருந்தால் 25 வந்திருக்காது. பழைய ஏட்டு எண்ணை எடுத்தார்கள். இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும். முதலாவது, உத்தராயணக் கணக்கே வடக்கிலிருந்து வந்தது என்பது. வேதாங்க ஜோதிடம் தரும் பகல் விகிதமான மூன்றுக்கு இரண்டு, 35 பாகை வாக்கில்தான் பொருந்தும். ஆகவே அயன உணர்ச்சி அங்கே பிறந்து இங்கே கணக்காக மட்டும் இறங்கியிருக்கலாம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டமில்லை. உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கு மட்டும் பயணம் செய்யும் என்பதுதானே நான் சொல்ல வருவது. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஏட்டு எண்ணைச் சூரிய வழிபாட்டாரும் எடுத்திருக்கலாமே? எடுத்திருக்கலாம். இரு தரப்பும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தன என்றால், ஒருவர் குடத்திலிருந்து மற்றவர் திருடினார் என்று சொல்ல வேண்டிய தேவை குறைகிறது. அதற்கு மேல் இந்த வாதம் போகாது.

பிறந்தநாள் கொண்டாட்டத்தையே வெறுத்த சபை எப்படி ஒரு பிறந்தநாளை ஏற்றது? உசெனர் தரப்பின் வலுவான கேள்வி இது. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், வேதாகமத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதுவும் போன்ற பாவிகளே என்று பிரசங்கித்தார். ஆனால் முதல் கிறிஸ்துமஸ் குறிப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அது மறைசாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட நாட்களின் தலைப்பில் இருக்கிறது, பந்தயங்களின் பட்டியலில் இல்லை. மறைசாட்சியின் மரண நாளையே அவருடைய விண்ணகப் பிறந்தநாளாகச் சபை கொண்டாடிவந்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமல்ல. நாயன்மார்களுக்கு முத்தியடைந்த நட்சத்திரத்தில் குருபூசை, ஆழ்வார்களுக்கு அவதரித்த திருநட்சத்திரம். பக்கத்துப் பக்கத்து மரபுகள், ஒன்று முடிவைக் கொண்டாடுகிறது, ஒன்று தொடக்கத்தை. ஆடிப்பூரத்தை யாரும் பிறப்புப் பதிவேட்டிலிருந்து எடுக்கவில்லை, அதற்காக அது யாரிடமிருந்தோ களவாடப்பட்டது என்றும் சொல்வதில்லை. அரச பிறந்தநாள் நமக்கும் உண்டு: தொல்காப்பியம் அதற்குப் பெருமங்கலம் என்று இடம் தருகிறது, ராஜராஜனின் திருச்சதயத் திருவிழாவைத் தஞ்சைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அரச விழாவும் அடியார் விழாவும் ஒரே நாட்டில் தனித்தனி வாய்க்காலில் ஓட முடியும். ஒரே ஏட்டின் இரு பகுதிகளும் ஒன்றையொன்று குறிப்பிடாமல் இருப்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். மௌனத்திலிருந்து எடுத்த வாதம் இது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

மாற்று விளக்கமான கணிப்புக் கொள்கைக்கும் ஓட்டைகள் உண்டு. கிறிஸ்து சிலுவையில் மரித்த நாளாகக் கருதப்பட்ட மார்ச் 25இலேயே கருவில் உருவானார், ஒன்பது மாதம் கழித்துப் பிறந்தார் என்ற கணக்கை அகுஸ்தீன் எழுதுகிறார். அவரோ காலத்தால் பிந்தியவர். முந்திய சாட்சியாகச் சொல்லப்படும் ஹிப்போலிட்டுஸின் தானியேல் உரையில் டிசம்பர் 25 வரும் பத்தி பாடபேதம் உள்ளது. ஏப்ரல் தேதி ஒன்றும் அங்கே எட்டிப்பார்க்கிறது. அதை நம்பினால் இந்தத் தேதி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கே போய், ஔரேலியனுக்கும் முந்திவிடும். பிற்சேர்க்கை என்றால் ஒன்றுமில்லை. நான் அதன்மேல் வீடு கட்டமாட்டேன். அதைவிட வலுவாக எனக்குப் படுவது அகுஸ்தீனின் வேறொரு குறிப்பு: வட ஆப்பிரிக்காவின் டொனாட்டிஸ்டுகள் ஜனவரி 6 விழாவை ஏற்க மறுத்தார்கள் என்கிறார். டிசம்பர் 25ஐ மறுத்ததாக அவர் குறை சொல்லவில்லை. அவர்கள் பொதுச்சபையைவிட்டுப் பிரிந்தது 311-312ஐ ஒட்டி. பிரிவுக்குப் பின் வந்ததை மட்டும் தள்ளினார்கள் என்றால், டிசம்பர் விழா கான்ஸ்டன்டைனின் மதமாற்ற அரசியலுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். சான்று மெலிந்ததுதான். ஆனால் அவர்கள் கடுமையாகப் பழமை பேணியவர்கள், பின்னாளில் பேரரசின் தலையீட்டை எதிர்த்தவர்கள். அரசு விழாவிலிருந்து பிறந்த ஒன்றை அவர்கள் சகித்திருப்பார்கள் என்று நம்புவதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

ஜனவரி 6 தனிச்சிக்கல். சென்னை அரண்மனைக்காரத் தெருவில் கோயில் எழுப்பிய ஆர்மீனியரின் சபை இன்றும் அன்றுதான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களுக்கு அதே நாள் தனஹா, ஞானஸ்நான விழா. மொன்டானிஸ்டுகள் என்ற பிரிவினர் ஏப்ரல் 6இல் பாஸ்கா கொண்டாடினார்கள் என்ற சபை வரலாற்றாசிரியர் சோசோமெனின் குறிப்பை எடுத்து ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6 கிடைக்கும். துஷேன் இதைத் தன் கணிப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். அப்படியானால் அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், பசிலிடியர் என்ற பிரிவினர் அதையொட்டிய நாட்களில் ஞானஸ்நானத்தையே நினைவுகூர்ந்தார்கள் என்று எழுதுவதும், கிறிஸ்துவின் பிறப்புக்கு மே மாதத்திலும் ஏப்ரலிலும் விழும் எகிப்தியத் தேதிகளைத் தருவதும் எங்கே பொருந்தும்? கீழ்த்திசையில் பிறப்பு முந்தியதா ஞானஸ்நானம் முந்தியதா என்பதை முடிவுசெய்யாமல், மேற்கின் டிசம்பர் 25க்குச் சொன்ன அதே விளக்கத்தை ஜனவரி 6க்கும் நீட்ட முடியாது.