முகத்துவாரம் மூடும் மாதங்கள்: பழவேற்காட்டு மீனவர் வீடுகளில் குடியும் மனநலனும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் கேள்விகள் எல்லாம் ஆணைச் சுற்றியே வரும். எவ்வளவு குடிக்கிறார், எந்த வயதில் பழகினார், ஏன் விட முடியவில்லை. மருத்துவமனைப் படிவம் கேட்பதும் இவற்றைத்தான், ஊர்ப் பஞ்சாயத்து விசாரிப்பதும் இவற்றைத்தான். அதே வீட்டில் உலை வைக்கிறவரின் தூக்கமின்மை, படபடப்பு, அவர் தலைமேல் ஏறியிருக்கும் கடன் எல்லாம் "குடும்பப் பின்னணி" என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் கட்டுரை அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்று வாதிடுகிறது. மீனவர் குடும்பத்தில் குடியை ஆராய்கிற உளவியல், அந்த வீட்டுக்குப் பணம் வந்து சேரும் விதத்திலிருந்து தொடங்க வேண்டும். குடிப்பவரின் மனைவி படும் துன்பத்தை, கணவரைத் திருத்த உதவும் தகவல் என்ற அளவில் நிறுத்திவிடாமல், தன்னளவிலேயே சிகிச்சைக்குரியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே மனநிலையின் ஏற்ற இறக்கம் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் திறந்திருந்தால் இறால் குஞ்சு உள்ளே வரும், மடவையும் நண்டும் பெருகும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் ஏரி வற்றத் தொடங்கும், படகு கடலுக்குப் போகும் வழியும் தடைப்படும். தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையம், 2001இல் செயல்படத் தொடங்கிய துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று கரையின் முகமே மாறிவிட்டது. எந்த வருடம் எத்தனை மாதம் தொழில் நடக்கும் என்பதை அனுபவசாலிகளாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத நிலை.

இந்த ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்கள் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றன. உரிமை சாதிவழியில் வருகிறது. கல்யாணமாகித் தலைக்கட்டாக நிற்கும் ஆணுக்கு உரியது. பெண்ணுக்குப் பாடு கிடையாது. இருளருக்கும் தலித்துகளுக்கும் கிடையாது. பழவேற்காட்டில் களப்பணி செய்த சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். ஏரியின் வளம் குறைந்தபோது பாடு உரிமை உள்ளவர்களுக்கு வேறு வேலைக்குத் திரும்புவது எளிதாக இல்லை. அந்த உரிமை வருமானத்தோடு நிற்பதில்லை, ஊரில் ஒருவருடைய இடத்தையே அது குறிக்கிறது. பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் மீன்வளச் சிக்கல்களைச் சமூக நல்வாழ்வு என்ற கோணத்தில் பார்க்கச் சொன்னார்கள். கையில் இருக்கும் பொருள், உறவுகளுக்குள் கிடைக்கும் மதிப்பு, தன் வாழ்க்கையைப் பற்றித் தனக்கு இருக்கும் எண்ணம் ஆகிய மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். குடியைப் பற்றி நேரடியாக எழுதப்பட்டதல்ல அது. ஆனாலும் குடியைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தென்படவில்லை. தலைக்கட்டு என்ற பெயர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஏற்ற வரும்படி இல்லை என்னும் இடைவெளியில்தான் பல ஆண்களின் அவமான உணர்வு குடியிருக்கிறது.

பணம் வரும் விதத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். விடியும் முன் போன ஃபைபர் படகு கரை சேர்கிறது. மீன் கூடை இறங்கியதும் ஏலம். விலை படிந்தவுடன் பணம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி தன் சிட்டையைத் திறந்து பிடித்தம் போடுகிறார். பிறகு எண்ணெய்ச் செலவு கழிகிறது. மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, அதற்கப்புறம்தான் ஆட்களுக்கு. இத்தனையும் முடிந்து ஒருவர் கையில் நோட்டு விழும்போது பொழுது உச்சியை நெருங்குகிறது. டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. இரவெல்லாம் சரியாகத் தூங்காத உடம்பு, ஈரத்தில் ஊறிய கைகால், உடன் வந்த கூட்டாளிகள், கையில் ரொக்கம் என்று நான்கும் ஒரே மணி நேரத்தில் கூடுகின்றன. வீட்டுக்காரம்மா அந்த நேரத்தில் மீன்கூடையோடு பொன்னேரிப் பக்கம் போயிருக்கக்கூடும். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு என்ற பேச்சு, பணம் பாதி கரைந்த பிறகே தொடங்குகிறது.

வருமானத்தின் தாளம் மனத்தை எப்படி ஆட்டுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான சான்று உண்டு. 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் நடத்திய ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஒரே விவசாயி வெட்டுக்கு முன், கை இறுகிய நாட்களில், சிந்தனைத் தேர்வுகளில் பின்தங்கினார். வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு அதே ஆள் தெளிவாகச் செய்தார். படிப்போ குணமோ மாறவில்லை, மாறியது மனத்தை அழுத்திய கவலையின் பாரம். கரும்புக்காரருக்காவது வெட்டு எப்போது என்று தெரியும். ஏரிக்காரருக்கு அந்த நிச்சயம்கூட இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் இறுக்கம் இங்கே வாரத்துக்கு இருமுறை வருகிறது. மீன் பட்ட நாளில் கூட்டாளிகளோடு குடிப்பதும், படாத நாளில் கடன் சொல்லிக் குடிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒரே பழக்கமாகத் தெரிந்தாலும் அவற்றின் உள்காரணம் வேறு வேறு என்பது என் கருதுகோள். முதலாவதை அவிழ்க்கச் சேமிப்பு வழி வேண்டும், இரண்டாவதை அவிழ்க்கக் கடன் நிவாரணம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லி அனுப்பினால் எதுவும் நடக்காது.

குடிப்பவருக்கு விட மனமில்லை என்ற ஊர்நம்பிக்கையையும் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அசைக்கிறது. ஃபிராங்க் ஷில்பாக் 229 சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்களிடம் மூன்று வாரம் நடத்திய கள ஆய்வு 2019இல் வெளியானது. ஆய்வு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊதும்போது மது இல்லையென்றால் கூடுதல் பணம் என்பது ஏற்பாடு. மூன்றில் ஒருவருக்கு மேல், தங்கள் வருமானத்தில் ஒரு பகுதியை இழந்தாவது அந்த நிபந்தனை தங்களுக்கு வேண்டும் என்று தாங்களாகவே தேர்ந்தார்கள். மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை, பகல்குடி குறைந்தது. அதற்கே சேமிப்பு ஏறத்தாழ பாதியளவு கூடியது. கடும் உடலுழைப்பும் ரொக்கக் கூலியும் அவர்களுக்கும் ஏரி மீனவருக்கும் பொது. குடியின் அளவைவிட அதன் நேரம் வீட்டுக் கணக்கை எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதே இதில் நமக்கான பாடம்.

இனி மனைவியரிடம் வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) நாடு முழுவதற்கும் தரும் கணக்கு கொடுமையானது. அடிக்கடி குடிபோதையில் இருக்கும் கணவர்களின் மனைவியரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் கணவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். குடிக்காத கணவர்களின் மனைவியரில் இது நான்கில் ஒருவருக்கும் குறைவு. இப்படிப்பட்ட வீடுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜிம் ஆர்ஃபோர்ட், அதுவரை நிலவிய ஒரு பார்வையை அடியோடு மறுத்தார். மனைவி குடியை மறைமுகமாக வளர்க்கிறாள், அவளிடமும் கோளாறு இருக்கிறது என்பது அந்தப் பழைய பார்வை. ஆர்ஃபோர்டோ, நீண்டகால நெருக்கடியில் சிக்கிய எந்தச் சாதாரண மனிதரும் செய்வதையே இவர்களும் செய்கிறார்கள் என்றார். மெக்சிகோ நகரத்திலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் அவரும் கூட்டாளிகளும் கண்டவை மூன்று வழிகள்: பொறுத்துப்போவது, எதிர்த்து நிற்பது, விலகி வாழ்வது.

ஏரிக்கரை வீட்டில் இம்மூன்றும் ஒரே நாளுக்குள் நடக்கும். பிள்ளைக்குப் பரீட்சை என்பதால் சத்தம் வேண்டாம் என்று கேட்டவுடன் நூறு ரூபாயை எடுத்துக் கொடுப்பது பொறுத்தல். குழுக் கடன் தவணைப் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து, அடி விழுந்தாலும் சொல்லாமல் இருப்பது எதிர்ப்பு. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவது விலகல். நூறு ரூபாய் கொடுத்ததை மட்டும் பார்த்துவிட்டு "நீயே கெடுக்கிறாய்" என்று சொல்கிற ஆலோசகர், அன்றிரவு அந்த நூறு ரூபாய் எதைத் தடுத்தது என்பதைப் பார்க்கவில்லை. இந்த விஷயத்தில் நடுநிலை காட்ட எனக்கு மனமில்லை. அந்தச் சொல் அவளுக்கு இழைக்கப்படும் இரண்டாவது காயம்.

இருளர் வீடுகளை இதே சட்டத்துக்குள் அடைத்துவிடவும் கூடாது. ஏரிச் சேற்றில் உட்கார்ந்தபடி நகர்ந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரு கையாலும் இறால் தடவிப் பிடிக்கும் பெண் அங்கே தானே நேரடியாகச் சம்பாதிப்பவர். பாடு உரிமை தரும் மதிப்பும் அங்கில்லை, அதை இழக்கும் அவமானமும் இல்லை. குடிக்கும் சண்டைக்கும் இடையிலான தொடர்பு அங்கே வேறு வழியில் ஓடலாம். மீனவர் என்று ஒரே தலைப்பில் சேர்த்துச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

இப்படிப் பொருளாதாரத்தை முன்னிறுத்துவது குடிப்பவருக்குச் சாக்குத் தேடித் தருவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே முகத்துவாரம் அடைபட்ட ஒரே தெருவில் குடிக்காத ஆண்களும் இருக்கிறார்கள், குடித்தும் கை ஓங்காதவர்களும் இருக்கிறார்கள். அடிப்பதற்குப் பொறுப்பு அடிப்பவருடையது, வற்றிய ஏரியுடையது ஆகாது. காரணத்தை ஆராய்வதும் பொறுப்பைச் சுமத்துவதும் தனித்தனி வேலைகள். ஊர்ப் பஞ்சாயத்து இரண்டையும் கலந்து, அபராதமும் சமாதானமும் சொல்லி முடித்துவிடுகிறது. அங்கே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் பெண் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையை மூடு என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கிறேன். மூடிய மறுநாளும் அந்தப் பெண்ணின் படபடப்பும் வியாபாரியின் சிட்டையும் அப்படியே இருக்கும் என்பதால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

சிகிச்சைக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாருக்கென்று தனிப் பயிற்சி நடத்துகிறது, முகாம்களைக் கிராமத்துக்கே கொண்டுபோயும் இருக்கிறது. கோவாவில் சங்கத் அமைப்பு, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்துத் தீங்கான குடியுள்ள ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 36 விழுக்காட்டினரும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் மீண்டிருந்தார்கள். இத்தகைய சிகிச்சை கடற்கரைக்கு ஏன் தேவை என்பதற்கும் சான்று உண்டு. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டின் ஒரு மீனவ கிராமத்தில் நடந்த ஆய்வு, 12.7 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருப்பதைக் கண்டது. பெண்களிடமும், காயம்பட்டவர்களிடமும், வருமானமே நின்றுபோன வீடுகளிலும் அது அதிகம் இருந்தது. கடற்கரையில் மனநோயும் வருமானமும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு இதுவும் சாட்சி.

பழவேற்காட்டில் ஆலோசகராக யாரைத் தேர்வது என்பது சிக்கலான கேள்வி. சுய உதவிக் குழுத் தலைவியைக் கேட்கலாம் என்று உடனே தோன்றும். அவரே தவணை வசூலிப்பவர். கடன்பட்ட பெண் அவரிடம் மனம் திறக்க மாட்டார். பங்காளி வீட்டுப் பெண்ணிடம் சொன்னால் சேதி சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்த, கல்யாண உறவில்லாத, மீன் விற்கும் பெண்களிடமிருந்து தேர்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். சந்தைக்குப் போகும் வழியில் பேச அவர்களுக்கு இடமும் நேரமும் உண்டு, பார்ப்பவர் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

ஆய்வுக்கும் இந்த ஏரி ஓர் அரிய வாய்ப்பைத் தருகிறது. முகத்துவாரம் திறந்திருக்கும் மாதத்திலும் அடைபட்ட மாதத்திலும் அதே வீடுகளுக்குப் போய், கரும்பு ஆய்வைப் போல, அதே ஆட்களை இருமுறை அளக்கலாம். கணவரின் குடி, அது தொடங்கும் மணி, சிட்டையில் நிற்கும் பாக்கி, மனைவியின் தூக்கமும் பதற்றமும் என நான்கையும் ஒரே சமயத்தில் குறிக்க வேண்டும். பாடு உரிமை உள்ள வீடு, இல்லாத வீடு, இருளர் வீடு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். மனைவியின் பேட்டியை அவர் தனியாக இருக்கும்போது, படகு கரை சேரும் முன்பே எடுத்துவிட வேண்டும். கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவியின் நிலை மேம்பட்டதா என்பதை ஆய்வின் முதன்மை முடிவுகளில் ஒன்றாகத் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.